கலகத் தலைவனைக் கட்டி இழுத்து வந்த கதை

முன்னொரு காலத்தில், தம்மைக் கேலி செய்பவனுக்கும் அரசர்கள் சபையில் ஆசனம் போட்டு வைத்திருந்த அந்த நல்ல நாட்களில், விசயகீர்த்தி என்றொரு ராஜா இருந்தார். அவருடைய சபையில் சித்திரபுத்திரன் என்ற விகடகவி இருந்தான். அவன் பேசினால் தூண்களும் சிரிக்கும் என்பார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மறுவருஷமும் பொய்த்தது. அரண்மனை விருந்து குறையவில்லை. நெசவாளர் தெருவிலோ அடுப்பு எரியவில்லை. ஒருநாள் பசித்த ஜனங்கள் களஞ்சிய அதிகாரி அனந்தகோடியின் பல்லக்கை மறித்துக் கல்லெறிந்தார்கள்.

"இதற்கு ஒரு தலைவன் இருப்பான். அவனை யானைக் காலில் இட வேண்டும்" என்றார் ராஜா.

அனந்தகோடிக்கு விகடகவி மேல் நெடுநாள் பொறாமை. "மகாராஜா, தெருவெல்லாம் சுற்றும் சித்திரபுத்திரருக்கு அவன் யாரென்று தெரியாமலா இருக்கும்? அவரே பிடித்து வரட்டும். தவறினால் அவரையே யானைக்குக் கொடுப்போம்" என்றார்.

ராஜா யோசிக்கவே இல்லை. "கலகத்துக்குக் காரணம் யாராக இருந்தாலும் நாளைச் சபைக்குக் கட்டி இழுத்து வா" என்று வீரர்களையும் கூட அனுப்பினார்.

சித்திரபுத்திரன் நெசவாளர் தெருவுக்குப் போனான். நூல் இல்லாத தறியருகே நல்லம்மை என்ற நெசவுக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"உங்களைக் கிளப்பிவிட்டது யார், தாயே?"

"எங்கள யாரு சாமி கிளப்பணும்? களஞ்சியத்துக் கதவுல பூட்டு தொங்குது. உள்ள நெல்லு புழுத்து நாறுது, வெளிய பிள்ளைங்க அழுவுது. அதப் பாத்துத்தான் கூட்டம் கூடிச்சு. யாராச்சும் ஒருத்தர் வேணும்னா என்னையக் கட்டிக்கிட்டுப் போங்க. சிறையிலயாவது கூழு ஊத்துவாங்க."

எதற்கும் சிரிப்பவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வீரர்களோடு நேரே களஞ்சியத்துக்கு நடந்தான்.

மறுநாள் சபைக்குள் வீரர்கள் சங்கிலியால் கட்டி இழுத்து வந்தது ஒரு பெரிய இரட்டைக் கதவு. பூட்டியது பூட்டியபடியே நிலையிலிருந்து பெயர்த்திருந்தார்கள்.

"அரசே, பூட்டுதான் காரணகர்த்தா. இவன் முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் கல்லெடுத்தார்கள். எவ்வளவு விசாரித்தும் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். இவன் வாயைத் திறக்கும் வித்தை அனந்தகோடியாரின் இடுப்பில் தொங்குகிறது" என்றான் விகடகவி.

ராஜாவின் பார்வை அதிகாரியின் இடுப்புச் சாவிக்குப் போனது.

"ஐயோ மகாராஜா, கதவில்லாத களஞ்சியத்தை இந்நேரம் கொள்ளையடித்திருப்பார்களே" என்று பதறினார் அனந்தகோடி.

"ஒரு மணியும் போகவில்லை, அரசே" என்றான் சித்திரபுத்திரன். "வாசலில் பானையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜா வந்து அளந்து போடுவார் என்று நான்தான் சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார்கள்."

ராஜா தலை குனிந்தார். பிறகு எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல் களஞ்சியத்துக்கு நடந்தார். தம் கையாலேயே மரக்கால் பிடித்து நெல் அளந்தார். முதல் மரக்கால் நல்லம்மையின் பானையில் விழுந்தது. அந்தி சாய்வதற்குள் நெசவாளர் தெருவெங்கும் புகை எழுந்தது.

அனந்தகோடியின் பதவி போயிற்று. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டு, "இனி களஞ்சியக் காவலும் உனக்கே" என்றார்.

"உத்தரவு, அரசே. ஆனால் அடியேன் மறதிக்காரன், சாவியைத் தொலைத்துவிடுவேன். பூட்டு வேண்டாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இருந்தவரை அந்தக் களஞ்சியம் பூட்டப்படவில்லை. அந்த ஊரில் யாரும் கல்லெடுக்கவும் இல்லை.