டைரக்டர் பேர் கேட்ட மஞ்சப் புள்ளி

டேய், நேத்து குளிக்காதவனெல்லாம் கொஞ்சம் தள்ளி உக்காருங்கடா, இது பாக்டீரியா கதை. காலேஜை விட்டுட்டு நான் ஒரு விவசாய ஆராய்ச்சி லேப்ல பாக்டீரியா வளக்குற கண்ணாடித் தட்டு கழுவிட்டிருந்தேன். அங்க டைரக்டர் தாண்டவராயன் ஷூ சத்தம் கேட்டாலே நாங்க கழுவின தட்டையே மறுபடியும் கழுவ ஆரம்பிச்சுடுவோம்.

பூங்கோதைன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி. நெல்லு வேரை வெளிப்பக்கம் சுத்தமா கழுவி, அரைச்சு, அந்தச் சாறைத் தட்டுல விடுவா. வேருக்குள்ள குடியிருந்து பயிருக்கு நல்லது பண்ற பாக்டீரியா அதுல வளரும். எது என்ன வகைன்னு பிரிப்பா. ஒருநாள் டைரக்டர் வந்து, தொறந்திருந்த தட்டுங்க மேல குனிஞ்சு, வேலை மந்தம்னு அவளைக் கத்தித் தீர்த்தார்.

ரெண்டே நாள்ல எல்லாத் தட்டுலயும் மஞ்சப் புள்ளியா ஏதோ வளந்திருந்துச்சு.

"புது இனம்! என் பேரை வை!"ன்னார் டைரக்டர், லேபைச் சுத்திப் பாக்க வந்த விருந்தாளிங்க முன்னாடி. "இது நெல்லுல எங்க குடியிருக்கு? இப்பவே சொல்லு. இல்லைன்னா உன் ஆராய்ச்சிக்கு இன்னையோட மூடுவிழா."

அவ ஒரு தட்டை எடுத்து நீட்டினா.

"சார், இதுல நெல்லுச் சாறே விடல. ஒப்பிட்டுப் பாக்க சும்மா வச்சது. இதுலயும் அதே மஞ்சள்தான். அன்னைக்கு நீங்க திட்டும்போது இதுவும் தொறந்துதான் இருந்துச்சு. தாராளமா உங்க பேரையே வைக்கலாம் சார், அதுக்குச் சொந்த ஊரு உங்க வாய்தான்."

விருந்தாளிங்க முன்னாடி அவளை ஒண்ணும் பண்ண முடியாம, அவர் கண்ணு வேற ஆளைத் தேடுச்சு. அப்பப் பாத்து நான் களுக்குன்னு சிரிச்சுத் தொலைச்சேன். அவ ஆராய்ச்சி தப்பிச்சுது, என் வேலை போச்சு. தைரியத்துல சிரிச்சேன்னு நினைக்காதீங்கடா, பயத்துல வந்துடுச்சு.