பினாங்குக்குப் போன காராச்சேவு

காராமணிப்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கே சொல்லத் தெரியாது. எப்போதும் அதற்குள்ளேயே இருப்பதால், அதைத் தேடிப் போகவேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒருவன். காராச்சேவு போடுவதில் அவன் கைக்கு நிகரே கிடையாது. மனைவி அன்னக்கொடி பக்குவம் பார்த்து மாவு பிசைந்து கொடுப்பாள். இவன் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே ஓட்டைக் கரண்டியைப் பிடித்து மாவைத் தேய்ப்பான். சேவு சடசடவென்று பொரிகிற சத்தத்துக்கே தெரு முழுக்க எச்சில் ஊறும். அவ்வளவு கெட்டிக்காரக் கை. அந்தக் கைக்கு மேலே, தோளுக்கும் மேலே இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவனுக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். மூத்தவர் சங்கிலியண்ணன். எதைப் பேசுவதற்கு முன்னாலும் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் அவர் ஆழமாக யோசிக்கிறவர் என்று ஊரில் ஒரு பெயர். இன்னொருவன் வீரணன், கொம்பையாவின் சித்தப்பா மகன். யார் என்ன சொன்னாலும் "அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ணே" என்பான். என்ன காரணம் என்று அவனை யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

கொம்பையாவின் மாமனார் ஒச்சப்பனுக்கு இந்தக் கூட்டணியே பிடிக்கவில்லை. அவர் பிறந்ததும் காராமணிப்பட்டிதான். வாத்துகளுக்குத் தண்ணீர் தேடி அடுத்த ஊருக்குப் போய்க் குடியேறியவர். போகிற அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனார்.

"மாப்ளே, தீபாவளிக்கு முந்தின நாள் வருவேன். அடுப்பு எரியணும், தொழில் நிலைச்சு நிக்கணும். இல்லேன்னா உன்னையும் எம்மகளையும் கூட்டிட்டுப் போயிருவேன். என் வீட்டோட இருந்து வாத்து மேய்."

வீட்டோடு மாப்பிள்ளை என்பதுகூடக் கொம்பையாவுக்குப் பெரிதில்லை. வாத்து என்றால்தான் அவனுக்குப் பயம். சின்ன வயதில் ஒரு வாத்து அவன் அரைஞாண் கயிற்றைக் கவ்விக்கொண்டு கண்மாய் வரைக்கும் அவனை ஓடவிட்டது. இன்றைக்கும் அவன் கனவில் அந்த வாத்து வரும். ஒன்றும் செய்யாது, சும்மா நின்று பார்க்கும்.

"மாமனார் வந்து மலைச்சுப் போய் நிக்கணும்டா" என்றார் சங்கிலியண்ணன், கண்ணை மூடியபடி. "அதுக்கு நாம வெளிநாட்டுல விக்கணும்."

"அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ணே" என்றான் வீரணன்.

மதுரையிலிருந்து தொழில் ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார்கள். காரில் வந்து இறங்கினார். அரைக் கிலோ சேவு தின்றார், இரண்டு டம்ளர் டீ குடித்தார். பினாங்கில் கடை வைத்திருக்கும் ராயப்பன் என்பவருடைய போன் நம்பரைக் கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மூன்று வாக்கியம் சொன்னார்.

"முதல்ல கொஞ்சமா அனுப்பிப் பாருங்க. அங்கத்தி ஆளுங்க எப்படிச் சாப்பிடுறாங்களோ அப்படி மாத்திக் குடுங்க. எந்த வேலையை அடுத்தவன் உங்களைவிட மலிவாச் செய்வானோ, அதை அவன்கிட்டயே விட்டுருங்க."

மிச்சமிருந்த சேவையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மூன்று வாக்கியத்தையும் ஒரே ஆள் ஞாபகம் வைத்தால் தலை சூடேறிவிடும் என்று, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் வாக்கியம் சங்கிலியண்ணனுக்கு, இரண்டாவது வீரணனுக்கு. மூன்றாவது கொம்பையாவுக்கு வந்தது. அவன் அதைச் சேவு தேய்க்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

"கொஞ்சமான்னா எவ்வளவு?" என்று ஆரம்பித்தார் சங்கிலியண்ணன்.

"ஒரு கிலோ" என்றான் வீரணன்.

"அதைவிட அரைக் கிலோ கொஞ்சமில்லையா?"

"அப்படிப் பாத்தா ஒரு கைப்பிடி இன்னும் கொஞ்சம்ணே."

"கைப்பிடியைவிட ஒரே ஒரு சேவு?"

"அதைவிடப் பாதிச் சேவு கொஞ்சமாச்சே" என்றான் கொம்பையா.

சங்கிலியண்ணன் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். "வேண்டாம். பாதி அனுப்புனா கடிச்சுட்டு அனுப்புனதா நினைப்பாங்க. ஊர் மானம் போயிரும்."

ஆகவே ஒன்று. கொம்பையா ஒரு சட்டி நிறையச் சேவு பொரித்து, அதில் அழகாய் நீண்டு வளைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதைப் படுக்கவைத்து, மூடி, பினாங்குக்கு அனுப்பினார்கள். தபாலாபீஸ் வாசல் வரைக்கும் மூன்று பேரும் கூடவே போனார்கள்.

பினாங்கிலிருந்து ராயப்பன் போன் செய்தார். "தீப்பெட்டி வந்துச்சுண்ணே! உள்ள தூளாத்தான் கெடந்துச்சு. நக்கிப் பாத்தேன். ருசின்னா ருசி!"

வீரணன் துள்ளி எழுந்தான். அவனுடைய வாக்கியத்துக்கு வேளை வந்துவிட்டது. "அண்ணே, அங்கத்தி ஆளுங்க நக்கித்தான் சாப்பிடுறாங்க!"

மறுநாளிலிருந்து கொம்பையா பொரித்துப் பொரித்து எடுத்தான். வீரணன் அதை உரலில் போட்டு இடித்தான். மாவு பிசைந்துகொண்டிருந்த அன்னக்கொடி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, முறுமுறுன்னு பொரிச்சு எடுக்கிறதும் நீங்க, அதை இடிச்சு நாசம் பண்றதும் நீங்களா?"

"இங்கத்தி ஆளுக்குப் பல்லு, அங்கத்தி ஆளுக்கு நாக்கு" என்றான் கொம்பையா. "ஏவாரம் உனக்குப் புரியாது. நீ மாவைப் பிசை."

"பிசையுறேன். பிசைஞ்சதைப் பொரிச்சு, பொரிச்சதைத் திரும்ப மாவாக்குங்க. நல்லா வெளங்கும்."

சேவுத்தூள் மூட்டை கப்பலேறியது. போகிற வழியில் கடல்தண்ணீரும் அதில் ஏறியது. ராயப்பன் மறுபடி போன் செய்தார்.

"எல்லாம் கூழாப் போச்சுண்ணே. வீணாக்க மனசில்லை. உருட்டி எண்ணெயில போட்டேன். சனங்க அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க!"

போனை வைத்துவிட்டு மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அவங்க நக்கலை. பொரிச்சுத் தின்கிறாங்க" என்றான் வீரணன்.

"அங்க பொரிச்சா யாரு எண்ணெய்?" என்று கேட்டார் சங்கிலியண்ணன்.

"ராயப்பன் எண்ணெய்."

"இங்க பொரிச்சா?"

"நம்ம எண்ணெய்."

"எது மலிவு?"

கொம்பையா தன் வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. பொருந்தினாலும் மாமனார் ஞாபகம் வந்தது. "அண்ணே, அடுப்பு எரியணும்னு மாமா சொல்லியிருக்காரே. அணைஞ்சு கெடந்தா வாத்துல கொண்டுபோய் விட்டுருவாரே."

"அடுப்பு எரியத்தானேடா போகுது. பினாங்குல."

அன்றோடு அடுப்பு அணைந்தது. பிசைந்த மாவைப் பானை பானையாக அனுப்பினார்கள். அது போகிற வழியிலேயே புளித்துப் பொங்கி, கப்பல்காரர்கள் பயந்து கடலில் கொட்டிவிட்டதாகத் தகவல் வந்தது. மாவில் ஏன் தண்ணீர் சேர்க்கவேண்டும் என்று வீரணனுக்குத் தோன்றியது. வழிநெடுகக் கடலில் தண்ணீர்தானே கிடக்கிறது, இங்கிருந்து யாராவது சுமப்பார்களா? சரி, வெறும் மாவு. மாவு அரைக்க மில் பினாங்கிலும் உண்டாம், அப்படியென்றால் வெறும் கடலைப்பருப்பு. அந்தப் பருப்பையும் டவுன் மண்டிக்காரரிடம் வாங்கித்தானே அனுப்புகிறார்கள். அவரே நேராக அனுப்பிவிட்டால் வண்டிக்கூலி மிச்சம் அல்லவா? மண்டிக்காரர் இரண்டு முறை கேட்டார், "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று. நிஜமாகத்தான் சொன்னார்கள்.

கடைசியில் ராயப்பன் ஒன்றே ஒன்று கேட்டார். காரம் எவ்வளவு, ஓமம் எவ்வளவு, பெருங்காயத்தை எப்போது கரைத்து ஊற்றுவது? அது அன்னக்கொடியின் பக்குவம். அவளுடைய அம்மா வழியில் வந்தது, பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடச் சொன்னதில்லை.

"குடுக்காதீங்க" என்றாள் அன்னக்கொடி. "நம்மகிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்."

சங்கிலியண்ணன் கண்ணை மூடினார். "பக்குவத்துக்கு எடை உண்டா?"

"இல்லைண்ணே" என்றான் கொம்பையா.

"கப்பல்கூலி?"

"அதுவும் இல்லை."

"இவ்வளவு மலிவா அனுப்பக்கூடிய சரக்கை எவனாவது வீட்டுல போட்டு வச்சிருப்பானா?"

கொம்பையாவே போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தான். ராயப்பன் ஒருதரத்துக்கு இருதரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "அப்ப லாபம்?" என்று இவன் இழுத்தபோது சங்கிலியண்ணன் குறுக்கே விழுந்து தடுத்தார். வெளிநாட்டுப் பணத்தை எண்ணி நமக்குப் பழக்கமில்லை, ராயப்பனுக்குத்தான் பழக்கம், அந்த வேலையையும் அவரிடமே விட்டுவிடுவதுதான் முறை என்றார்.

அன்னக்கொடி முந்தானையை உதறிச் செருகினாள். "பருப்பு மண்டிக்காரரு. மாவு, எண்ணெய், அடுப்பு, லாபம் எல்லாம் ராயப்பன். அப்ப இங்க நீங்க மூணு பேரும் எதுக்கு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யோசிக்க" என்றார் சங்கிலியண்ணன்.

தீபாவளி நெருங்கியது. ஊர்க் கடையில் பளபளவென்று தகர டப்பாக்கள் வந்து இறங்கின. மேலே தென்னைமரம், கப்பல் படம். 'அசல் காராமணிப்பட்டி காராச்சேவு, பினாங்கில் தயாரானது' என்று போட்டிருந்தது. விலை இவர்கள் விற்றதைப்போல் மூன்று மடங்கு. மூன்று பேரும் முண்டியடித்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். கொம்பையா டப்பாவைத் திறந்து ஒரு சேவு எடுத்துக் கடித்தான். கொஞ்சம் நமுத்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெளிநாட்டுச் சந்தைக்குள்ள நுழைஞ்சிட்டோம்ணே" என்றான். "இப்ப நம்ம சந்தைக்குள்ளயும் நுழைஞ்சிட்டோம்!"

சொன்னபடி ஒச்சப்பன் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தார். தோளில் நீளமான மூங்கில் கம்பு, வாத்து மேய்க்கிற கம்பு. வந்ததும் வராததுமாகச் சேவு போடுகிற கொட்டகைக்குள் நுழைந்தார். அடுப்புக்குள் பூனை குட்டி போட்டிருந்தது.

"அடுப்பு எங்கடா எரியுது?"

"பினாங்குல மாமா" என்றான் கொம்பையா.

"சட்டி, கரண்டி?"

"எல்லாம் பினாங்குலதான். நம்ம தொழில் பூராவும் வெளிநாடு போயிருச்சு மாமா. நாங்க மட்டுந்தான் மிச்சம்." டப்பாவைப் பெருமையாக நீட்டினான்.

ஒச்சப்பன் டப்பாவை வாங்கவில்லை. தோளிலிருந்த கம்பை எடுத்து நீட்டினார். "புடி. கிளம்பு."

கொம்பையா ஓரடி பின்வாங்கினான். கம்புக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான வாத்துகள் வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கை நீள மறுத்தது. உதடு மட்டும் பழக்கத்தில் முணுமுணுத்தது. "எந்த வேலையை அடுத்தவன் மலிவா…"

சட்டென்று நிமிர்ந்தான். "மாமா, இப்ப வாத்தை யாரு மேய்க்கிறது?"

"நான்தான். வேற யாரு?"

"என்ன கூலி?"

"எங்கிட்டயே நான் கூலி வாங்குவனாக்கும்? என் வாத்துடா!"

கொம்பையா பக்கத்தில் நின்ற சங்கிலியண்ணனைப் பார்த்தான். சங்கிலியண்ணன் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவு சீக்கிரம் அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒச்சப்பண்ணே, உங்களைவிட மலிவான ஆளு இந்த உலகத்துலயே கிடைக்காது. வாத்து மேய்க்கிற வேலையை உங்களுக்கே குடுக்குறோம்."

ஒச்சப்பனுக்கு ஆயுசில் யாரும் வேலை கொடுத்ததில்லை. சங்கிலியண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் கறாராகியது. "சும்மா செய்ய நான் என்ன கிறுக்கனா? பத்து முட்டைக்கு மூணு முட்டை எனக்கு வேணும்."

"ரெண்டு."

"மூணு. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

"சரி, மூணு. எங்களுக்கு நஷ்டந்தான். சொந்தக்காரராப் போயிட்டீங்க."

ஒச்சப்பன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "பாத்தியா தாயி, விட்டுக் குடுக்காம வாங்கிட்டேன். வெளிநாட்டுல கிளை இருக்கிற கம்பெனில அப்பாவுக்கு வேலை!"

அன்னக்கொடி அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறந்த வீட்டுக்குப் போவதற்காகக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒச்சப்பன் படியிறங்கினார். தெருமுனை வரைக்கும் போனவர் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார்.

"மாப்ளே, நாளைக்குத் தீபாவளி. எனக்கு லீவு உண்டா?"

வீரணன் கொம்பையாவின் காதருகே குனிந்தான். "அண்ணே, வேலையில சேந்து ஒரு வெத்தலை போடுற நேரம் ஆகலை, அதுக்குள்ள லீவு கேக்குறாரு. போதாததுக்கு முட்டை வேற. நடுவுல இவரு எதுக்கு? மேய்க்கிற வேலையை அந்த வாத்துகளுக்கே நேராக் குடுத்துட்டா என்ன?"

சங்கிலியண்ணன் கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியே இருந்தார்.

"பேசிப் பாப்போம்" என்றார் கடைசியில். "ஆனா வாத்துககிட்ட முதல்லயே கறாராச் சொல்லிரணும். முட்டையில பங்கு கிடையாது."