காப்புக் கட்டிய ஜீப்

மேலூத்து மலைக்கு ஒரே ஒரு வண்டிதான். பழைய டீசல் ஜீப். ஊருக்குப் பொது. அது பன்னிரண்டு நாளாக ஸ்டார்ட் ஆகவில்லை.

ரேஷன் அரிசி தலைச்சுமையாக ஏறியது. காய்ச்சல் கண்ட ஒரு பெரியவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழேயிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் கூடியது. இன்னும் ஒருத்தரைக் கூப்பிடுவோம், அவரும் கைவிட்டால் வெட்டி இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்று முடிவானது. இன்னொரு வண்டி வாங்க அந்த ஊரால் முடியாது. வெட்டினால் அப்புறம் எல்லாருக்கும் நடைதான்.

அந்த இன்னும் ஒருத்தர் சௌடேஸ்வரி. கீழே போடியில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவள். முப்பத்து நாலு வயது. எல்லாரும் மேஸ்திரி என்பார்கள்.

கூடவே அவள் சிஷ்யன் அருள்தாஸ் வந்தான். அவளைவிட ஆறு வயது மூத்தவன். பெரிய ஷோரூமில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். அங்கே கம்ப்யூட்டரைச் சொருகினால் வண்டியே தன் கோளாறைச் சொல்லிவிடும். பழைய வண்டி எதுவும் சொல்லாது. அதன் கோளாறைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் அவளிடம் சேர்ந்தான். அவன் அவளை மேஸ்திரி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர்கள் மலையேறி வந்தபோது, வண்டியை கேஸ் வைத்து வெட்டுகிறவன் முன்னாடியே வந்து பாறையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கேஸ் சிலிண்டரைச் சுமந்து வந்த கழுதை பக்கத்தில் புல் மேய்ந்தது. அவன் எந்த அவசரமும் காட்டவில்லை. மத்தியானச் சோறு வரைக்கும் பொறுப்பதாக ஊரிடம் சொல்லியிருந்தான்.

“நீங்க பாருங்கண்ணே,” என்றாள் மேஸ்திரி.

அருள்தாஸ் பானெட்டைத் தூக்கினான். அவள் அந்த ஜீப்பை ஓட்டும் வீரணனோடு புளியமர நிழலுக்குப் போய்விட்டாள்.

அருள்தாஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்தான். அதைச் சொல்லியாக வேண்டும். பேட்டரியைப் பார்த்தான். கீழே அனுப்பிச் சார்ஜ் ஏற்றி வந்தது, நன்றாக இருந்தது. செல்ப் அடித்தான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டேங்கில் டீசல் இருந்தது. பில்டரைக் கழற்றிக் கழுவினான். கையால் பம்ப் அடித்துக் காற்றை எடுத்தான். மறுபடி செல்ப். சைலென்சரில் ஒரு பொட்டுப் புகை இல்லை. பம்பிலிருந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகிற குழாயை லூஸ் செய்துவிட்டு அடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. பம்பு வரைக்கும் டீசல் வருகிறது. பம்பைத் தாண்டவில்லை.

மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்தான். மேஸ்திரி கம்மங்கூழ் குடித்துக்கொண்டு வீரணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க்கதை போல இருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது.

“பம்பு செத்துருச்சு மேஸ்திரி,” என்றான்.

அவன் சத்தமாகச் சொல்லிவிட்டான். ஊர் கேட்டது. ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். காப்பு அறுத்த பிறகும் ஆத்தா வண்டியை விடமாட்டேன் என்கிறாளே என்று யாரோ முனகினார்கள். வெட்டுகிறவன் எழுந்து கழுதையைத் தட்டிக்கொடுத்து சிலிண்டரை இறக்கினான்.

“ஒரு நிமிசம் இருங்க,” என்றாள் மேஸ்திரி.

“பம்பே செத்துருச்சுன்னு உங்க ஆளே சொல்லிட்டாரே,” என்றான் வெட்டுகிறவன்.

“அவர் சொல்லிட்டாரு. வீரணன் இன்னும் முடிக்கல.”

வீரணன் சொல்லிக்கொண்டிருந்தது திருவிழாக் கதை. மேலூத்தில் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. வண்டிக்கும் அதே சட்டம். அதற்கும் காப்பு உண்டு. இந்த மாதிரிப் பழைய டீசல் ஜீப் சாவியைத் திருப்பினால் நிற்காது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால், ஒரு கம்பி போய் பம்பின் லீவரை இழுத்து டீசலை அடைக்கும். இன்ஜின் நிற்கும். மேலூத்துக்காரர்கள் அந்தக் குமிழை இழுத்து, மஞ்சள் கயிற்றால் ஸ்டீயரிங் தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எட்டு நாள் அப்படியே நிற்கும். ஒன்பதாம் நாள் கயிற்றை அறுத்துக் குமிழை உள்ளே தள்ளிவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் எட்டு நாளும் மழை.

வந்த மெக்கானிக்குகளிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருந்தாள். அவர்கள் வண்டியைத்தானே பார்க்க வந்தார்கள், சாமி விஷயத்தை எதற்குச் சொல்வது என்றான் வீரணன்.

அவள் அவனை வண்டிக்குக் கூட்டிவந்தாள்.

“காப்புக் கட்டுன அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதைச் செய்ங்க.”

வீரணன் பின்வாங்கினான். “விளையாட்டுக்குக் கட்டக் கூடாதுங்க.”

“கயிறு வேண்டாம். கையால மட்டும் செய்ங்க.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தான். அவள் அருள்தாஸைப் பம்பு பக்கம் நிற்கச் சொன்னாள்.

“லீவரையே பாருங்கண்ணே. வேற எதையும் பாக்காதீங்க.”

வீரணன் குமிழை இழுத்தான்.

“என்ன அசைஞ்சுச்சு?”

“ஒண்ணும் அசையல.”

வீரணன் குமிழை உள்ளே தள்ளினான்.

“இப்ப?”

“ஒண்ணும் அசையல.”

“வீரணன், உங்க பக்கம்?”

“வந்துச்சு. போச்சு. எப்பவும் போலத்தாங்க.”

அருள்தாஸ் குனிந்து பார்த்தான். உறைக்குள் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. குமிழைத் தள்ளினால் கம்பி பாதியிலேயே வளைந்துகொண்டது. லீவரைத் திருப்ப வேண்டிய ஸ்பிரிங் இற்றுப்போய்த் தொங்கியது. லீவர் காப்புக் கட்டிய அன்றைக்கு எங்கே போனதோ அங்கேயே டீசலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

அவன் கம்பியைக் கழற்றினான். ஒரு விரலால் லீவரைத் தள்ளினான். டக் என்று திரும்பியது.

லூஸ் செய்த குழாயை இறுக்கினான். வீரணன் செல்ப் அடித்தான். நாலாவது சுற்றில் இன்ஜின் இருமியது. ஆறாவதில் பிடித்தது. கறுப்புப் புகை கழுதை மேல் போனது. கழுதை சிலிண்டரைத் தாண்டி ஓடியது.

ஊர் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று கேட்டது. தலையில் கைவைத்திருந்த பெண் கையை எடுத்தாள்.

வெட்டுகிறவன் கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்தான். “ஓடுதுல்ல. அப்ப சிலிண்டரையும் என்னையும் கீழ எறக்கி விட்டுருங்க,” என்றான். அதற்குத்தான் ஊர் சிரித்தது.

வீரணன் மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கி, அடுத்த வருஷம் வண்டிக்குக் காப்புக் கட்டலாமா என்று கேட்டான். தாராளமாகக் கட்டச் சொன்னாள். புதுக் கம்பியும் ஸ்பிரிங்கும் கொடுத்தனுப்புவதாகவும், அதுவரை இன்ஜினை நிறுத்த லீவரைக் கையால் இழுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

அருள்தாஸ் ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டான். ஒன்றைத் துடைத்ததையே மறுபடி துடைத்தான். தான் சொன்ன ஒரு வார்த்தையால் அந்த ஜீப் இந்நேரம் நாலு துண்டாகியிருக்கும். அது அவனுக்குத் தெரிந்தது.

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா மேஸ்திரி?”

“தெரியாதுண்ணே.”

“கெட்டது எது, கெட்டது எதுன்னுதான் மூணு மணி நேரம் தேடுனேன். வரிசையாத்தான் தேடுனேன். எங்க விட்டேன்?”

மேஸ்திரி ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தாள்.

“அதுக்கு என்ன கேடு? ஊரே சேந்து நில்லுன்னு சொல்லுச்சு, நின்னுச்சு. அப்புறம் போகச் சொன்னது அதுக்குப் போய்ச் சேரல.”