ஐந்தாம் தீவின் ஆமை

தாட்சாயணிக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் படம் வரையக் கற்றுக்கொள்ள வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்தாறு. அவர் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடங்களை நகலெடுத்தவர். மனைவி எஸ்தர் இறந்த மறுவருடம் வேலையை விட்டார். நாகர்கோவிலில், ஒரு மாடியில் அவள் வேலைபார்த்துவந்த அனிமேஷன் கூடத்தில் சேர்ந்தார்.

அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். மற்றவர்களுக்கு அவர் சர்வே சார். அவர் கோடு போட்டுக் கொடுத்தால் அந்த இடத்துக்குப் பட்டாவே வாங்கிவிடலாம் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படத்தை அங்கே எடுத்துக்கொண்டிருந்தார்கள். முழுக்கக் கையால் வரைந்தது. திருடுபோன மழையைத் தேடி, சிறகு முளைத்த ஓர் ஆமையின் முதுகில் ஏறி, ஒரு சிறுமி ஏழு தீவுகளுக்குப் போகிறாள். ஐந்தாம் தீவில் குகைவாசல் சிறியது. ஆமை நுழைய முடியாது. அவள் மட்டும் உள்ளே போகிறாள். ஆமை கரையில் நிற்கிறது.

அது நிற்கும் பதினோரு நொடியைத் தேவசகாயத்திடம் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக மற்றவர்கள் வரைந்த ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவே வரவேண்டிய படங்களை மட்டும் வரைந்து நிரப்பிக்கொண்டிருந்தவருக்கு, தனக்கென்று கிடைத்த முதல் காட்சி.

நிற்கிற உருவத்தையும் ஒருமுறை வரைந்துவிட்டு விட்டுவிட முடியாது. ஒரே தாளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தால் உறைந்துபோகும். அதனால் அதே படத்தை மூன்று தாள்களில் வரைந்து, மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். கோடு தானாகக் கொஞ்சம் துடிக்கும். தேவசகாயம் கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டு நகலெடுத்தார். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே கோடுதான் தெரிந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சனிக்கிழமை காலை, அந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாதி முடிந்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஆமை கரையில் நின்றது. ஒரு குழந்தை உரக்கக் கேட்டது.

"ஆமை செத்துப்போச்சா?"

முன்வரிசை முழுக்க அழத் தொடங்கியது. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். புதன்கிழமைக்குள் ஆமைக்கு உயிர் வரவேண்டும், வராவிட்டால் அந்த இடத்தையே எடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். சிறுமி நேராகக் குகைக்குள் போகட்டும். ஆமை காத்திருந்தது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

தேவசகாயம் அன்றே ஆமையைக் கண் சிமிட்ட வைத்தார். தாட்சாயணி ஓட்டிப் பார்த்தாள்.

"யாரோ பாக்குறாங்கன்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கு சார்."

ஞாயிறு முழுவதும் வீட்டில் உட்கார்ந்து கண்ணீர் வரைந்தார். மறுநாள் காலை அவளிடம் காட்டினார். அவள் பார்த்து முடிப்பதற்குள் அவரே கிழித்துப் போட்டார்.

திங்கட்கிழமை மாலை அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"வேற என்னதான் வரையறது மேடம்? அதுக்கு ஒண்ணும் நடக்கலையே. அவ போயிட்டா, இது நிக்குது. காலைல நின்ன மாதிரியேதான் சாயந்தரமும் நிக்கும். எனக்குத் தெரியாதா? எங்க வீடும் அப்படித்தான் கெடக்கு."

தாட்சாயணி எழுந்தாள். கண்ணாடிக்கு அடியிலிருந்த விளக்கை அணைத்தாள். அவருடைய மூன்று தாள்களையும் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். புதிய தாள் ஒன்றை அவர் முன் வைத்து, மறுபடி வரையச் சொன்னாள்.

பழைய படத்தைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றாள்.

நினைவிலிருந்து வரைந்தார். முடித்ததும் அதையும் எடுத்துக்கொண்டாள். இன்னொரு தாள் வைத்தாள். பிறகு இன்னொன்று. முப்பது வருடம் நகலெடுத்த கை மூன்றாவது தாளில் எங்கே தொடங்குவதென்று தேடியது.

மூன்றையும் சேர்த்து வைத்தார்கள். ஒன்றில் ஓடு மயிரிழை விலகியிருந்தது. ஒன்றில் கழுத்து சற்றுத் தாழ்ந்திருந்தது. மற்றொன்றில் சிறகின் மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. எங்க ஆபீஸா இருந்தா இதுக்கு மெமோ கொடுத்திருப்பாங்க என்றார் தேவசகாயம். அவள் அவற்றைப் படம்பிடித்து ஓட்டினாள்.

கரையில் ஆமை நின்றது. எதுவும் செய்யவில்லை. பதினோரு நொடிதான். இருட்டும்வரை இருவரும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காட்டினார்கள். யாரும் அழவில்லை. அந்த இடம் வந்தபோது ஒரு குழந்தை மட்டும் தாயின் காதில், யாராவது குகைக்குள்ளே போய் அந்த அக்காகிட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்டது. இயக்குநர் யாரையும் திரும்பிப் பார்க்காமல், இது இருக்கட்டும் என்றார்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த ஒவ்வொரு காட்சியிலும் ஒரு தாளைத் தேர்ந்து, 'சரி' என்று சிவப்புப் பென்சிலால் குறித்துக் கோப்பில் போடவேண்டும். வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு அதுதான் மாதிரி. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தேவசகாயம் மூன்று தாள்களையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தாட்சாயணியிடம் வந்தார். தாள்களை வரிசையாகப் பரப்பினார். பென்சிலை ஒவ்வொன்றின் மேலும் கொண்டுபோய் எடுத்தார்.

"ஒண்ணோட ஒண்ணு ஒத்துவரலையே. இதுல எது சரி மேடம்?"

தாட்சாயணி தாள்களைப் பார்க்கவில்லை.

"உங்க வீட்டம்மா போனதுக்கு அப்புறம் வந்த நாள்கள்ல, எந்த நாளைச் சரின்னு குறிப்பீங்க சார்?"