இடது பக்கம் யார்

கழுத்தைத் திருப்பாமல் இருப்பது எப்படி என்று கேட்பதற்காக, நடிகை தெய்வநாயகி ஒரு மதியம் நடிகை சுகந்தாவின் வீட்டுக்கு வந்தார்.

கேட்க வந்தவருக்கு வயது அதிகம். பதில் சொல்ல வேண்டியவருக்குப் பொறுமை குறைவு.

தெய்வநாயகி தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார். கடைத்தெருவில் அவரைக் கண்டால் பெண்கள் நின்று திட்டிவிட்டுத்தான் நகர்வார்கள். சுகந்தா நடித்த படங்கள் வெளிநாட்டு விழாக்களுக்குப் போகும், விருது வாங்கும், ஊருக்குத் திரும்பி ஏதாவது ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாக ஓடும். கடைத்தெருவில் அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"என்னைச் சிஷ்யையா ஏத்துக்கணும் மேடம்."

"அக்கா, முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

தெய்வநாயகி உட்கார்ந்ததும் அழுதார். சுகந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இது நிஜ அழுகையா?"

"நிஜம்தான்."

"சரி. என்ன ஆச்சு?"

ஒரு இளம் இயக்குநர் தெய்வநாயகியைத் தன் படத்துக்குக் கூப்பிட்டிருந்தார். தாய் வேடம். கத்த வேண்டாம், சபிக்க வேண்டாம், கண்ணை உருட்ட வேண்டாம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது, கட்டிக்கொடுத்த மகள் வந்து, இனிமேல் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள். தாய் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

"இதுக்காகத்தான் மேடம் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். பெயரோட ஒரு பாத்திரம். பத்மாவதின்னு பெயர் வச்சிருக்காங்க. தொடர்ல எனக்குப் பெயரே கிடையாது, அத்தைதான்."

"அப்புறம் என்ன?"

"கழுத்து."

தொடர்களில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்கு இடதுபுறம் ஓர் உதவி இயக்குநர் தாளோடு நின்று வரி வரியாக எடுத்துக்கொடுப்பார். நடிப்பவர் காதில் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்வார். குரலைப் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்துக்கொள்வார்கள். தெய்வநாயகிக்கு எடுத்துக்கொடுத்தவர் பெயர் தணிகை. அவர் தும்மினால் தெய்வநாயகியும் தும்முவார் என்று செட்டில் ஒரு கிண்டல் உண்டு.

புதிய படத்தில் குரலை அங்கேயே பதிவு செய்கிறார்கள். தணிகை இல்லை. தெய்வநாயகி எல்லா வரிகளையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனாலும் வாயைத் திறப்பதற்கு முன் கழுத்து மட்டும் இடதுபக்கம் கொஞ்சம் போய்விடுகிறது. வேறு படமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இவர்களோ கேமராவை முகத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அங்கிருந்து நகர்த்தவே மாட்டேன் என்கிறார்கள்.

"இன்னிக்குக் காலையில டைரக்டர் கேட்டார் மேடம், 'இடது பக்கம் யாரும்மா இருக்காங்க?'ன்னு. லைட் பாய் சிரிச்சுட்டான். நாளைக்குக் காலையில ஒரு தடவை பார்ப்பாங்களாம். சரியா வரலேன்னா வேற ஆள்."

சுகந்தா சமையலறைக்குப் போய் ஒரு முறம் முருங்கைக்கீரையோடு வந்தார். "எப்படியும் இதை உருவணும். நீங்க உருவுங்க. நான்தான் மகள்."

எதிரே உட்கார்ந்து, "அம்மா, நான் இனிமே அந்த வீட்டுக்குப் போகல" என்றார்.

தெய்வநாயகியின் கழுத்து இடதுபக்கம் போய் வந்தது. "சாப்பிட்டியா?"

"திரும்பிட்டீங்க."

"தெரியும்."

மறுபடி செய்தார்கள். மறுபடி திரும்பினார். சுகந்தா ஒரு விரலால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். இப்போது கண்கள் மட்டும் இடதுபக்கம் போயின. சுகந்தா இடது காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்று கழுத்து முன்னைவிட அதிகமாகத் திரும்பியது.

"பஞ்சை எடுங்க அக்கா. பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

அழைப்புமணி அடித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜன்.

"மேடம், தண்ணி லாரி வந்திருக்கு, மோட்டார் போடப் போறோம், சத்தம் இருக்கும். அப்புறம், உங்க படம் பார்த்தேன் மேடம். பாதியில தூங்கிட்டேன். ஆனா நல்ல தூக்கம்." சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தவர் கத்தினார். "ஐயோ! அந்தப் பாவி மாமியார்! எங்க வீட்டுல உங்களைத் திட்டாம யாரும் சாப்பிடறதில்லம்மா. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

தன் போனை எடுத்து சுகந்தாவிடம் கொடுத்தார். சுகந்தா எடுத்தார்.

"கொஞ்சம் முறைங்கம்மா" என்றார் வரதராஜன். தெய்வநாயகி முறைத்தார். படம் நன்றாக வந்தது.

கதவைச் சாத்திவிட்டு சுகந்தா நாற்காலியில் விழுந்தார். "இருபத்தஞ்சு வருஷமா நடிக்கிறேன். நல்ல தூக்கமாம்."

தெய்வநாயகி ஒரு கீரைக்காம்பை எடுத்து உருவினார். "உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் வருது?"

"எது?"

"அந்த... ஒண்ணுமே செய்யாம இருக்கறது."

"என் முதல் படத்துல ஒரு ஆடு."

"ஆடா?"

"நானும் ஆடும்தான் படம் முழுக்க. கேமராவைப் பார்த்துடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. பார்க்காம இருக்கறதுலேயே குறியா இருந்தேன். படம் வந்துச்சு. பத்திரிகையில ஆட்டைப் பத்தி ஒரு பத்தி எழுதியிருந்தாங்க. என்னைப் பத்தி ஒரு வரி."

"ஆட்டைப் பத்தி என்ன இருக்கு எழுத?"

"அதையேதான் நானும் கேட்டேன். கோவம். டைரக்டர் என்னைக் கூட்டிட்டுப் போய் படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஆடு என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு அக்கா. கடைசிவரைக்கும்."

"அந்த ஆடு இப்போ?"

"கடைசி நாள் யூனிட்டுக்கு பிரியாணி."

தெய்வநாயகி சிரித்தார். உடனே முகம் வாடியது. "எனக்கு ஆடு கதை சொன்னா போதுமா மேடம்? நாளைக்குக் காலையில நான் போய் நிக்கணும். இந்தக் கழுத்தை என்ன பண்ண? வெட்டியா போட முடியும்?"

"என்னைக் கேட்டா? நான் என்ன எலும்பு டாக்டரா?"

"நீங்களும் கோவிச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?"

"இன்னொரு தடவை" என்றார் சுகந்தா. செய்தார்கள். கழுத்து திரும்பியது. "இன்னொரு தடவை." திரும்பியது. தெய்வநாயகி முறத்தைக் கீழே தள்ளி வைத்தார். "விடுங்க மேடம். நான் அத்தையாவே இருந்துட்டுப் போறேன்."

கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. பேச்சே கேட்காத அளவுக்கு இரைச்சல். சுகந்தா சலித்துக்கொண்டு எழுந்து ஜன்னலை மூடப் போனார். ஜன்னல் தெய்வநாயகிக்கு இடதுபுறம் இருந்தது. கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

பிறகு இழுப்பதை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். தெய்வநாயகி முறத்தை மறுபடி மடிக்கு இழுத்து, வேறு வேலை தெரியாதவர் போலக் கீரையை உருவத் தொடங்கியிருந்தார்.

சுகந்தா ஜன்னலை விட்டுவிட்டு அங்கேயே, அந்தப் பக்கத்திலேயே, தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா" என்றார். மோட்டார் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. "நான் இனிமே அந்த வீட்டுக்குப் போகல."

தெய்வநாயகியின் கழுத்து இடதுபக்கம் திரும்பியது. காது முன்னால் வந்தது. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பதுபோல மூச்சுகூட நின்றது. விரல்கள் கீரைக்காம்பிலேயே நின்றுவிட்டன. சுகந்தாவின் கலைந்த தலைமுடியை, ஜன்னல் தூசி ஒட்டிய உள்ளங்கையை அவர் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றார்.

கீழே மோட்டார் நின்றது.

முதலில் கலைந்தவர் தெய்வநாயகிதான். "திரும்பிட்டேன், இல்ல?"

"திரும்பினீங்க."

"முன்னைவிட அதிகமா."

"ஆமா." சுகந்தா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நாளைக்கு மகளா நடிக்கற பொண்ணை எதிர்ல வேண்டாம், இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொல்லுங்க."

"டைரக்டர் ஒத்துக்கணுமே. மறுபடி எல்லார் முன்னாடியும் கேட்பார் மேடம், 'இடது பக்கம் யாரும்மா இருக்காங்க?'ன்னு. என்னன்னு சொல்லட்டும்?"

சுகந்தா முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

"என் மகள்னு சொல்லுங்க."