குசும்புக்கு என்னடா அர்த்தம்?

காங்கேயம் பக்கத்தில் ஒரு பண்ணையார் இருந்தார். முழு வழுக்கை. அந்தத் தலைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் மாரப்பன். அவனுக்கு உடம்பெல்லாம் குசும்பு என்று ஊரே சொல்லும்.

ஒருநாள் வாசலில் ஊர் கூடியிருக்கும்போது பண்ணையார் மீசையை முறுக்கினார். "குசும்பு குசும்புங்கறாங்களே, அதுக்கு என்னடா அர்த்தம்? சொல்லு. ஆனா எனக்குத் துளி மரியாதை குறைஞ்சாலும் நீ இந்த ஊர்ல இருக்கப்படாது."

மாரப்பன் கைகட்டி நின்றான். "நேத்து நம்ம புலவரு உங்க கேசத்தைக் கார்மேகம்னு பாடினாருங்க. நீங்களும் சால்வை போத்துனீங்க. அவரு சொன்னா அது புகழ்ச்சிங்க. அதையே நான் சொன்னா குசும்புங்க. அதனாலதானுங்க நான் சொல்லவே இல்லை."

கூட்டம் குபீரென்று சிரித்தது. கூட்டத்தில் நின்றிருந்த புலவர் சால்வையைச் சுருட்டிக்கொண்டு நழுவினார். பண்ணையாருக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று அதை விழுங்கிவிட்டு, "போடா ஊரைவிட்டு!" என்றார். மாரப்பன் அன்றைக்கே போய்விட்டான்.

எண்ணெய் தேய்க்கப் புது ஆள் வந்தான். அடக்கமானவன். அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. கடைசியில் பண்ணையாருக்கே பொறுக்கவில்லை.

"பாத்துத் தேய்டா, சிக்கு விழுந்துரப் போகுது" என்று சொல்லிவிட்டு, அவன் சிரிப்பான் என்று காத்திருந்தார்.

"சரிங்க எசமான்" என்றவன் உள்ளே ஓடிச் சீப்பை எடுத்துவந்து, பயபக்தியோடு வழுக்கையை வாரத் தொடங்கினான்.

பண்ணையார் மாரப்பனை நினைத்துக்கொண்டே தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.