சிவப்பு வழும்பும் பசி நாடகமும்

செம்பட்டை ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். அவளுடைய சிநேகிதி நீலி. உடம்பெல்லாம் நீலம், வாயெல்லாம் காரம். இருவரும் தூத்துக்குடியில் டெல்பின், கஸ்பார் என்ற தம்பதியின் வீட்டு முன்னறையில், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் வாழ்ந்தார்கள். தொட்டியில் உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், பாறைகள். பாறை மேல் பூப்பூவாய் விரியும் பவளங்கள். கடலில் ஒரு துண்டை வெட்டி வீட்டுக்குள் வைத்ததுபோல் இருக்கும்.

இரண்டு மீன்களுக்கும் ஒரு வித்தை தெரியும். கண்ணாடிப் பக்கம் ஆள் நிழல் தெரிந்தால் போதும், பாய்ந்து வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவார்கள். வாலை ஆட்டுவார்கள். பார்ப்பவர்களுக்கு, நாலு நாளாய்ப் பட்டினி கிடக்கிற மீன்கள் என்றே தோன்றும்.

"ஐயோ பாவம், பசிக்குது போல!" என்று ஒரு சிட்டிகை தீனி விழும்.

கொஞ்சம் தின்பார்கள். மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள், பெரிய பாறையின் ஓரத்து மணலில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மறுநாள் அது வெற்றிலை அளவு ஆனது. பிறகு ஒரு கைக்குட்டையை விரித்ததுபோல் படர்ந்தது. மேலெல்லாம் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள்.

"மெல்லாள்! இங்கே ஒரு புதுப் பாசி. வந்து தின்னு!" என்று நீலி கூப்பிட்டாள்.

மெல்லாள் அந்தத் தொட்டியின் நத்தை. கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியை மேய்வது அவள் வேலை. நிதானமாக ஊர்ந்து வந்தாள். ஒரு வாய் வைத்தாள்.

"தூ! இது பாசியே இல்லை, வழும்பு! வழுவழுவென்று நாக்கில் ஒட்டுகிறது. எனக்கு வேண்டாம், ஆளை விடு!"

செம்பட்டை வாலால் விசிறிப் பார்த்தாள். வழும்பு கிழிந்து பறந்தது. பறந்த துண்டுகள் வேறு மூலைகளில் போய் உட்கார்ந்து வேர்விட்டதுபோல் வளர்ந்தன.

டெல்பின் ஒரு ரப்பர் குழாயை விட்டு வழும்பை உறிஞ்சி எடுத்தாள். மணல் பளிச்சென்று ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அது திரும்பி வந்துவிட்டது, முன்பைவிட அகலமாக. மறுபடி உறிஞ்சினாள். மறுபடி வந்தது. இந்த முறை ஒரு பவளத்தின் காலடி வரைக்கும் ஏறிவிட்டது. பவளம் விரியாமல் சுருங்கிக்கொண்டது.

"யார் கொண்டுவந்த தொல்லை இது?" என்று நீலி சீறினாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். அவள் கண் ஒரு வளையில் போய் நின்றது.

பாறைக்கு அடியில் மணலைக் குடைந்து வெடியன் என்ற இறால் குடியிருந்தான். அவனுக்குக் கண் பார்வை மங்கல். அதனால் காவலன் என்ற சின்ன மீன் வாசலில் நின்று அவனுக்குப் பார்த்துச் சொல்வான். வெடியன் ஓயாமல் மண்ணை வாரி வாரி வெளியே கொட்டுவான். அவர்கள் வாசலைச் சுற்றித்தான் வழும்பு அதிகம்.

"எல்லாம் இவனால்தான்! மண்ணைக் கிளறிக் கிளறி அழுக்கை மேலே கொண்டுவருகிறான்!" என்றாள் நீலி.

"நாங்கள் வந்த நாளிலிருந்து தோண்டுகிறோம். அப்போதெல்லாம் இது இல்லையே!" என்றான் காவலன்.

"பேசாதே! இனிமேல் ஒரு வாய் மண் வெளியே வரக்கூடாது. வந்தால் வாசலையே மூடிவிடுவேன்!"

செம்பட்டைக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் சிநேகிதியை எதிர்த்துப் பேச அவளுக்குத் துணிவில்லை.

வெடியன் தோண்டுவதை நிறுத்தினான். வளை தூர்ந்துகொண்டே வந்தது. வழும்பு வாசலில் திரைபோல் தொங்கியது. உள்ளே நல்ல தண்ணீர் போகவில்லை. அப்படியும் வெளியே வழும்பு குறையவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஸ்பார் சொன்னான்: "கடையில ஒரு மருந்து இருக்காம். ஊத்திட்டா எல்லாம் செத்துப்போகுமாம்."

"எல்லாமேவா?" என்று டெல்பின் பயந்தாள். "இறால், நத்தைக்கு ஆகுமா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க."

காவலன் செம்பட்டையிடம் ஓடிவந்தான். "வெடியன் மீசையே அசைய மாட்டேன் என்கிறது. வந்து பாரேன்!"

வாசலை வழும்பு மறைத்திருந்ததால், செம்பட்டை பதறிப்போய் வேறு வழி தேடிப் பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் ஒருநாளும் அந்தப் பின்பக்கம் போனதில்லை. அங்கே தண்ணீர் அசையாமல் தேங்கிக் கிடந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. பாறை இடுக்கில், ஊறிப் பூஞ்சணம் பிடித்து, ஒரு குவியல் தீனி! அதன் அடியிலிருந்துதான் சிவப்பு வழும்பு தழைத்துப் புறப்பட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முன்னால் கஸ்பாரின் நிழல் விழுந்தது. நீலி பாய்ந்து போய் நாடகம் ஆடினாள். தீனி விழுந்தது. அவள் தின்றது போக மற்றதெல்லாம் மிதந்து, பாறையைத் தாண்டி, செம்பட்டையின் கண் முன்னாலேயே குவியலில் வந்து இறங்கியது.

"நீலி! இங்கே வா!"

"நான் சாப்பிடுகிறேன்!"

"நீ சாப்பிடாததுதான் இங்கே கிடக்கிறது. வா என்றால் வா!"

நீலி வந்தாள். பார்த்தாள். பக்கத்திலேயே வழும்புத் திரைக்குப் பின்னால் அசையாமல் கிடந்த வெடியனையும் பார்த்தாள்.

"அப்படியானால்... நாம்தானா?"

"நாமேதான். நாம் கேட்கக் கேட்க அவர்கள் போடுகிறார்கள். தின்றது கொஞ்சம், அழுகியது மிச்சம்!"

நீலி முதலில் வாசலுக்குப் பாய்ந்தாள். வழும்பை வாயால் பற்றிக் கிழித்தாள். செம்பட்டை வாலை வீசி வீசி நல்ல தண்ணீரை வளைக்குள் அடித்தாள். காவலன் உள்ளே போய் வெடியனை மூக்கால் தட்டிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து ஒரு மீசை நுனி துடித்தது.

"உயிர் இருக்கிறது!" என்று காவலன் கத்தினான்.

"இந்தக் குவியலை நம்மால் அள்ள முடியாது. அவர்கள்தான் அள்ள வேண்டும். அவர்களை எப்படி இங்கே பார்க்க வைப்பது?" என்றாள் நீலி.

செம்பட்டை யோசித்தாள். "நாம் முன்னால் போனால் முன்னால் பார்ப்பார்கள். இங்கேயே ஒளிந்துகொண்டால்?"

மறுநாள் காலை டெல்பின் வந்து நின்றாள். ஒரு மீனும் வரவில்லை. நீலிக்கு உடம்பெல்லாம் துடித்தது. "ஒரே ஒரு தரம் போய்விட்டு வருகிறேனே!" என்றாள். செம்பட்டை அவள் துடுப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க! ஒரு மீனையும் காணோம்! இங்க வாங்க!"

கஸ்பார் ஓடிவந்தான். "பசி இல்லாம இருக்கும். நேத்துகூடத் தீனி போட்டேனே."

"நீங்களும் போடுவீங்களா? நான் தினமும் காலையிலயும் சாயங்காலமும் போடுறேனே!"

"நான் போகும்போதும் வரும்போதும் போடுறேன். பாவமா வாயைத் திறக்குதேன்னு..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன்களைத் தேடி டெல்பின் செல்போன் வெளிச்சத்தைப் பாறைக்குப் பின்னால் அடித்தாள்.

"யம்மாடி! பூராம் அழுகிப்போய்க் கிடக்கு! இதை வச்சுக்கிட்டா மருந்து ஊத்தப் பாத்தீங்க?"

அன்றே குவியல் முழுவதும் குழாய் வழியாக வெளியேறியது. வழும்பையும் உறிஞ்சினார்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்பின் வாயைப் பின்பக்கம் திருப்பி வைத்தார்கள். தேங்கிக் கிடந்த மூலையில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. மருந்து வாங்கும் பேச்சு நின்றது. தீனி காலையில் ஒரு சிட்டிகை, அதுவும் டெல்பின் கையால் மட்டும் என்று முடிவானது.

சில நாட்கள் கழித்து ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு தலைகாட்டியது. டெல்பின் அதையும் உறிஞ்சி எடுத்தாள். பிறகு அது வரவேயில்லை. சுருங்கிக் கிடந்த பவளம் ஒவ்வொரு இதழாய் விரிந்தது. "அப்பாடா!" என்று மெல்லாள் வெள்ளை மணலில் நீட்டிப் படுத்தாள்.

நீலி வளை வாசலுக்குப் போனாள். "வெடியா, உன்மேல் பழி போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்."

"மன்னிப்பு இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நில்லு, மண் கொட்டணும்!" என்றான் வெடியன்.

நீலி சிரித்துக்கொண்டே வழிவிட்டாள்.

தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், மேலே படிந்ததைத் துடைப்பதோடும் அடுத்தவன்மேல் பழி போடுவதோடும் நின்றுவிடாமல், அதற்குத் தீனி போடுவது நம் பழக்கம்தானா என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும்.